இயற்கையும் உழைப்பும்: ‘இயற்கைசார் தீர்வுகள்’ என்னும் கருத்தாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

‘இயற்கைசார் தீர்வுகள்’ என்னும் தொடர் அண்மைக் காலத்தில் எமது நாட்டின் அரசாங்க அறிக்கைகளிலும் சர்வதேச நிறுவனங்களின் வெளியீடுகளிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் பெருவழக்குப் பெற்றுள்ளது. 2008ஆம் ஆண்டில் உலக வங்கியின் அறிக்கையொன்றின் தலைப்பில் இடம்பெற்ற இத்தொடர், 2016இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தினால் வரைவிலக்கணம் செய்யப்பட்டது. 2020இல் எட்டு அளவுகோல்களைக் கொண்ட உலகளாவிய நியமம் ஒன்றை அவ்வொன்றியம் வெளியிட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சுற்றாடற் பேரவையும் தனது வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டது. 2021 முதல் 2030 வரையான பத்தாண்டு சூழற்றொகுதி மீளமைப்புக்கான பத்தாண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருப்பதும் யாவரும் அறிந்ததே.

இவ்வரைவிலக்கணங்களின் சாரத்தைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். காடு, சதுப்பு நிலம், களப்பு, வயல் முதலிய சூழற்றொகுதிகளைக் காத்தும் மீளமைத்தும் முறையாக ஆண்டும் வருவதன் வாயிலாக வெள்ளம், வறட்சி, மண்சரிவு, உணவுப் பற்றாக்குறை ஆகிய சமுதாயப் பிரச்சினைகளுக்கு விடை காண்பதும், அதேவேளை மனித நலனையும் உயிரினப் பல்வகைமையையும் பேணுவதுமே இயற்கைசார் தீர்வாகும். கொங்கிறீற்று அணைக்குப் பதிலாகக் கண்டற்காடும், நிலக்கீழ் வடிகாலுக்குப் பதிலாகச் சதுப்பு நிலமும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. இதன் விஞ்ஞான அடிப்படையை நாம் மறுக்கவில்லை. வேரின்றி மண் நில்லாது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

எனினும், இலக்கிய விமர்சகனுக்கு இங்கு என்ன வேலை என்ற வினா எழலாம். சொற்களுக்கு வரலாறு உண்டு; வாக்கிய அமைப்புக்களுக்குள் சமூக உறவுகள் மறைந்து கிடப்பதுண்டு. ஒரு நாவலில் யார் பேசுகிறார், யார் பேச்சிழந்து நிற்கிறார் என்று கேட்கப் பழகிய விமர்சனம், ஓர் அபிவிருத்தி ஆவணத்தின் முன்னும் அதே வினாவைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது. மேற்கூறிய வகையைச் சார்ந்த ஆவணங்களை நுணுகி நோக்குமிடத்து, அவற்றின் வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது பெரும்பாலும் இயற்கையே என்பது புலனாகும். கண்டல் கரையைக் காக்கிறது. சதுப்பு நிலம் வெள்ளத்தை ஏற்கிறது. குளம் நீரைச் சேமிக்கிறது. சேற்றில் இறங்கிக் கன்று நடுபவரும், குளக்கட்டில் மண் சுமப்பவரும், விறகு பொறுக்கும் உரிமையை இழப்பவரும் அவ்வாக்கியங்களில் ‘பங்குதாரர்’ என்றும் ‘பயனாளிகள்’ என்றும் வேற்றுமை உருபேற்று ஒதுங்கிவிடுகின்றனர். எழுவாய் எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பிரச்சினையாகும்.

2

இத்தகைய விடயங்களைத் தமிழில் எழுதுவோர் உடனடியாகத் திணைக்கோட்பாட்டிடம் சென்று சேர்வது வழக்கமாகிவிட்டது. ‘பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்னும் கூற்று ஏறத்தாழ ஒரு மங்கல வாழ்த்தாகவே பயன்படுத்தப்படுகின்றது. இக்கூற்று எமது மரபைப் போற்றுவதுபோலத் தோன்றினும், உண்மையில் அதனைச் சிறுமைப்படுத்துகின்றது என்றே கருதுகிறோம்.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் மாத்திரமன்றிச் ‘செய்தி’ எனத் தொழிலையும் சேர்த்தே கூறுகின்றது. மரமும் பறவையும் இருக்கும் அதே பட்டியலில் மனித உழைப்பும் இடம்பெறுவது தற்செயலானதன்று. நிலம் என்பது உழைப்பிற்குப் புறம்பாகக் கிடக்கும் காட்சியன்று. குறிப்பிட்ட உற்பத்தி முறையினூடாக மனிதர் நிலத்தோடு கொள்ளும் உறவே திணையின் உள்ளீடாகும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970களில் திணைக்கோட்பாட்டைப் பொருளாதார, மானிடவியல் அடிப்படையில் ஆராய்ந்தபோது, சமனற்ற வளர்ச்சி கொண்ட பல உற்பத்தி முறைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவியமையின் இலக்கியப் பிரதிபலிப்பாகவே அதனைக் கண்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அது மட்டுமன்று. பட்டினப்பாலை கரிகாலனைப் போற்றுமிடத்துக் காடழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. அரசுருவாக்கத்தின் அக்காலகட்டத்தில் காட்டை வெல்லுதல் புகழுக்குரிய செயலாக இருந்தது. மறுபுறம், பாலைக்குத் தனியே நிலம் இல்லை என்றும், குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு கெடுமிடத்து அது தோன்றும் என்றும் சிலப்பதிகாரம் கொள்ளும். சீரழிந்த நிலம் பற்றிய இத்துணைத் தெளிவான சிந்தனை எமது பழைய இலக்கியத்தில் இருப்பது வியப்புக்குரியதே. ஆயினும், அப்பாலையில் வாழ்ந்தோர் வழிப்பறி செய்யும் எயினராக நூலுள் வருவதையும் மறத்தலாகாது. நிலத்தின் சீரழிவும் மனிதரின் வாழ்க்கைச் சீர்குலைவும் அங்கு ஒருங்கே காட்டப்பெறுகின்றன. ஆகவே, பழைய இலக்கியம் எமக்குத் தருவது ‘இயைபு’ என்னும் சித்திரத்தையன்று. உழைப்பு, அதிகாரம், நிலம் ஆகியவற்றின் முரண்பட்ட வரலாற்றையே என்பது தெளிவு.

3

மார்க்சியம் இயற்கையைக் கருத்திற் கொள்ளவில்லை என்னும் குற்றச்சாட்டு அடிக்கடி எழுப்பப்படுவதுண்டு. 1875இல் ஜேர்மன் தொழிலாளர் கட்சியின் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, செல்வம் அனைத்துக்கும் உழைப்பே மூலம் என்ற அதன் முதல் வாக்கியத்தையே மார்க்ஸ் மறுத்தார். பயன்பாட்டுப் பெறுமதிகளைப் பொறுத்தவரை இயற்கையும் உழைப்பைப் போலவே மூலமாகும் என்பது அவரது நிலைப்பாடு. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடுகின்றது என்பதை அவர் விளக்கியுள்ளார். ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய, மனிதக் குரங்கு மனிதனானதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரை, இயற்கையின்மீது பெறும் வெற்றிகளையிட்டு மனிதர் இறுமாந்துவிடலாகாது என எச்சரிக்கின்றது. கியூபாவில் ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலின் உரத்தில் ஒரு தலைமுறைக் கோப்பியை விளைவித்தமையும், பின்னர் மழை மண்ணை அடித்துச்சென்று வெறும் பாறையை மாத்திரம் விட்டமையும் அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்றாகும்.

அவ்வரிகள் எழுதப்பட்ட அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் நடைபெற்றதும் அதுவேயாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றிப் பயிரை அழித்ததும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் அச்சரிவுகளிலேயே லயன் அறைகளில் குடியிருத்தப்பட்டனர். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புக்கள் மண்ணுட் புதையுண்ட துயரம் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. இன்று மலைச்சரிவுகளில் ஆழவேரூன்றும் மரங்களையும் புற்களையும் நட்டு மண்சரிவைத் தணிக்கும் முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அவை வேண்டியனவே. ஆனால் அச்சரிவின்கீழ் வாழும் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமேனும் இல்லாதபோது, பாதுகாப்பான இடத்துக்கு அவர் எவ்வாறு செல்வது? வேர் மண்ணைப் பிடிக்கலாம். காணியுரிமையைப் பெற்றுத்தரும் ஆற்றல் அதற்கில்லை.

காட்டைக் காக்கும் சட்டம் எவ்வாறு கிராமத்தில் இயங்குகின்றது என்பதற்கு லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘காட்டிலொரு கிராமம்’ என்னும் ஆங்கில நாவல் தக்க சான்றாகும். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த அவர், குடியேற்ற நிர்வாகத்தை உள்ளிருந்து கண்டவர். அந்நாவலின் சிலிந்து சேனைப் பயிர்ச்செய்கையை நம்பி வாழ்பவன். சேனை வெட்டுவதற்கு வேண்டிய அனுமதிச்சீட்டு கிராமத் தலைவனின் கையில் இருக்கின்றது. காட்டைக் காக்கவென வந்த விதி, கடனுக்கும் காமத்துக்கும் பழிவாங்கலுக்கும் கருவியாகின்றது. ஈற்றில் சிலிந்து கொலைகாரனாகிறான். பெத்தகம என்னும் அக்கிராமத்தைக் காடு விழுங்குகின்றது. சூழலியல் அளவைகளை மாத்திரம் கொண்டு நோக்குவோர்க்கு அம்முடிவு ஒரு சூழற்றொகுதியின் மீட்சியாகத் தோன்றக்கூடும்! காடு மீண்டது, மக்கள் அழிந்தனர். வுல்ஃப் காட்டை விதியின் குறியீடாக்கித் தீமையின் உருவமாகக் காட்டியமை அவரது வர்க்க நிலைப்பாட்டின் எல்லையாகும். எனினும், அனுமதிச்சீட்டின் அரசியலை அவர் மறைக்கவில்லை என்பதே அந்நாவலின் யதார்த்த வெற்றியாகும்.

இது கடந்த காலக் கதை மாத்திரமன்று. போர்க் காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்து சென்ற வன்னி நிலங்களில் காடு வளர்ந்தது. 2009இன் பின்னர் திரும்பி வந்தோர், தாம் முன்னர் விதைத்த வயல்களும் மேட்டுக்காணிகளும் ஒதுக்குக் காடுகளாக எல்லைக்கல் இடப்பட்டிருப்பதாக முறையிட்டு வந்துள்ளனர். பெத்தகமவின் வினா, வேறு மொழியில், இன்னும் எம்முன் நிற்கின்றது.

4

இயற்கைசார் தீர்வுக்கு உலகளாவிய முன்மாதிரியாக இன்று எடுத்துக்காட்டப்படுவது எமது வறண்ட வலயத்தின் குளத்தொடர் முறையாகும். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இதனைச் சி. எம். மத்துமபண்டார 1985இல் ஆராய்ந்து விளக்கினார். ஒரு சிறு நீரேந்து பரப்பில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, மேற்குளத்தின் கழிவுநீரும் வான்பாயும் நீரும் கீழ்க்குளத்தை அடையும் ஒழுங்கே இது. 2017இல் உணவு விவசாய நிறுவனம் இதனை உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை முறைமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இம்முறையின் நுட்பம் குளத்தில் மாத்திரம் தங்கியதன்று. குளத்தின் மேற்புறத்தே ‘கஸ்கொம்மன’ என்னும் மரச்செறிவு காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாதலைக் குறைக்கின்றது. அதனையடுத்த ‘பெரஹன’ என்னும் புற்றரை மேட்டுநிலத்திலிருந்து அடித்துவரும் மண்ணை வடிக்கின்றது. குளக்கட்டுக்கும் வயலுக்குமிடையே ‘கட்டகடுவ’ என்னும் தாவரப் பட்டை கசிந்துவரும் நீரின் உவர்த்தன்மையை ஈர்த்து வயலைக் காக்கின்றது. காட்டினுள்ளே பாசனத்துக்கன்றி வண்டலைத் தடுப்பதற்கும் விலங்குகளின் தாகம் தீர்ப்பதற்குமென ‘குளுவெவ’ எனப்படும் சிறுகுளம் அமைக்கப்பட்டது. இவற்றை நோக்குமிடத்து, இது ‘இயற்கை’ தானா என்ற ஐயம் எழுதல் இயல்பே. மரம் இயற்கையானது, அம்மரம் எங்கு நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததோ பல தலைமுறைகளின் உழைப்பும் அனுபவமுமாகும்.

இதனினும் முக்கியமானது, இக்குளங்களைத் தாங்கிய சமூக ஒழுங்கு. மழை பொய்த்துக் குளத்துநீர் முழு வயலுக்கும் போதாதவிடத்து, ‘பெத்ம’ என்னும் வழக்கம் நடைமுறைக்கு வரும். குளத்தை அண்டிய வயற்பகுதி மாத்திரம் அப்போகத்தில் விதைக்கப்படும். அப்பகுதி யாருடையதாயினும், காணியுள்ளோர் அனைவருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி தற்காலிகமாகப் பிரித்தளிக்கப்படும். வறட்சிக்குத் தீர்வாக அமைவது இங்கு நீரோ மரமோ அன்று. தனியுடைமையைச் சிறிது காலத்துக்கு ஒத்திவைக்கும் ஒரு சமூக உடன்பாடே என்பது மனங்கொள்ளத்தக்கது. அதேவேளை, இதனைப் புராதன பொதுவுடைமையாகக் கொண்டாடவும் இடமில்லை. பங்கின் விகிதம் என்பதால் பெருங்காணிக்காரன் பெரும்பங்கையே பெற்றான். காணியில்லாதவன் ஒன்றும் பெற்றானல்லன். குளக்கட்டைத் திருத்திய உழைப்பில் ஒரு பகுதி இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமாகவே பெறப்பட்டது. சாதி வழியான சேவகக் கடமைகளும் அதனோடு பிணைந்திருந்தன.

1832இல் கோல்புறூக்கின் விதந்துரைகளையடுத்து இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. நிலமானியத் தளையொன்று அறுந்தது என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. ஆயின், குளத்தைப் பேணும் கூட்டுழைப்புக்கு மாற்றான ஒழுங்கு எதனையும் குடியேற்ற அரசு ஏற்படுத்தவில்லை. பல குளங்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே தூர்ந்திருந்தன. எஞ்சியவற்றின் பராமரிப்பும் இப்போது சீர்குலைந்தது. இதனை உணர்ந்தே 1856ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களை மீள நடைமுறைப்படுத்த முயன்றது. இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. கட்டாய உழைப்பு ஒழிந்த இடத்தில் சுதந்திரமான கூட்டுழைப்பு தோன்றாவிடின் குளம் உடைகின்றது. இன்றைய மீளமைப்புக் கருத்திட்டங்கள் துருசையும் குளக்கட்டையும் பழுதுபார்க்கின்றன, மரங்களையும் நடுகின்றன. கருத்திட்டக் காலம் முடிந்தபின் எவர் மண் சுமப்பர், எவர் நீரைப் பங்கிடுவர், அக்குழுவில் குத்தகைக்காரருக்கும் கூலி விவசாயிக்கும் பெண்களுக்கும் குரல் உண்டா என்ற வினாக்களுக்கு விடை கூறாத மீளமைப்பு, இராஜகாரியம் இல்லாத இராஜகாரியத்தை எதிர்பார்ப்பதாகவே முடியும்.

5

கரையோரத்தை நோக்குவோம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் கண்டல் நடுகை ஓர் இயக்கமாகவே பரவியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடசாலைகளும் அதில் ஈடுபட்டன. அவற்றின் பெறுபேற்றை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று தரும் செய்தி கசப்பானது. நடுகை மேற்கொள்ளப்பட்ட ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில், 200 முதல் 220 ஹெக்டேயரில் மாத்திரமே வெற்றி கிட்டியது. ஆராயப்பட்ட 23 இடங்களுள் ஒன்பதில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களிலேயே பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தன. வற்றுப்பெருக்கின் அளவையும் நிலத்தின் உயரத்தையும் நோக்காது இடத்தைத் தெரிந்தமை, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டமை, நட்டபின் பராமரியாமை ஆகியன தோல்விக்குக் காரணங்களாயின.

இக்காரணங்களைத் தொழில்நுட்பத் தவறுகள் என்று கூறி அமைதல் போதாது. நட்ட கன்றுகளின் தொகையே வெற்றியின் அளவாகக் கொள்ளப்படுமிடத்து, நடுவது இலகுவான இடமே தெரிவு செய்யப்படும். எவ்விடத்தில் எக்காலத்தில் நீர் ஏறும், எங்கு கன்று நிற்கும் என்பதை நாளும் களப்பில் இறங்கும் மீனவர் அறிவர். அவ்வறிவு கணக்கில் எடுக்கப்படாமைக்குக் காரணம் அறியாமையன்று. கணக்குக் காட்டவேண்டியது நிதி வழங்குநருக்கேயன்றி மீனவருக்கன்று என்னும் உறவுமுறையே. உற்பத்தியின் நோக்கம் பயன்பாடாக இல்லாதவிடத்துப் பண்டம் கெடுவதுபோல, மீளமைப்பின் நோக்கம் அறிக்கையாக இருக்குமிடத்துக் கன்றும் பட்டுப்போகின்றது.

அதே ஆழிப்பேரலையின் பின்னர் 2005இல் கரையோரத்தில் கட்டடம் எழுப்பத்தகாத வலயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் இருந்த அவ்வலயத்தில் மீனவர் குடிசை கட்டுதல் தடுக்கப்பட்டது. உல்லாச விடுதிகளுக்கு விலக்குகள் அளிக்கப்பட்டன. பின்னர் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன என்பது உண்மையே. ஆனாலும் கரையைக் காத்தல் என்னும் பொதுநல மொழி எவ்வளவு இலகுவாக ஒரு வர்க்கத்தின் மொழியாக மாறும் என்பதற்கு அது போதிய சான்றாகும்.

இன்னொரு முரண்பாட்டையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 1980களிலிருந்து புத்தளம், சிலாபம் கரையோரங்களில் கண்டலை அழித்து இறால் பண்ணைகள் தோன்றின. ஏற்றுமதி இலாபத்தின் வேகத்தில் பெருகிய அவை, நோய் பரவியதும் பெருமளவில் கைவிடப்பட்டு உவர்ப்பள்ளங்களாக எஞ்சின. 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் உலகிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் பயிற்சியும் வழங்கி, அதற்கீடாகக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பது அதன் அடிப்படை. பண்ணை முதலாளி விட்டுச்சென்ற சேதத்துக்குக் கடன்பட்டவளே காவலாளி ஆகிறாள். 2024இல் இலங்கையின் கண்டல் மீளமைப்பு, உலக மீளமைப்பின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபையால் அங்கீகரிக்கப்பட்டது. அதே 2024ஆம் ஆண்டில், மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து ஏறத்தாழ 168 ஹெக்டேயரை நீர்வாழுயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தை நாடியதன் பேறாக அது இடைநிறுத்தப்பட்டது. ஒரு கையால் நடுவதும் மறு கையால் பிடுங்குவதும் தனிமனிதரின் நேர்மையீனம் அன்று. பயன்பாட்டுப் பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் ஒரே கண்டற்சேற்றில் மோதிக்கொள்வதன் வெளிப்பாடே அது. கண்டற் சேற்றிற் சேரும் காபனும் இன்று விலைபேசப்படும் பண்டமாகி வருகின்றது. அவ்வாறு விற்கப்படுமிடத்து, எங்கோ ஒரு தொழிற்சாலை தொடர்ந்து புகை கக்குவதற்கான உரிமையாகவே எமது களப்பு மாறிவிடும்.

6

அவ்வாறாயின் முற்போக்குச் சிந்தனையாளர் இக்கருத்தாக்கத்தை முற்றாக நிராகரித்தல் வேண்டுமா? அவ்வாறு கூறுதல் இயங்கியல் நோக்குக்கு மாறானது. 1977இல் சிங்கராசவனத்தில் மரம் தறித்தல் நிறுத்தப்பட்டமை மக்கள் எதிர்ப்பின் விளைவே. அக்காடு 1988இல் உலக மரபுரிமையாயிற்று. காட்டைக் காத்தல் உடைமை வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் அவ்வரலாற்றினால் பொய்ப்பிக்கப்படுகின்றது. வறட்சியும் வெள்ளமும் முதலில் தாக்குவது ஏழைகளையே. ஆதலின் குளமும் கண்டலும் மலைக்காடும் அவர்களது வாழ்வாதாரம் பற்றிய பிரச்சினைகளாகும். நிராகரிக்க வேண்டியது மீளமைப்பையன்று. உழைப்பை எழுவாய் நிலையிலிருந்து அகற்றும் அதன் வாக்கியத்தையே.

எனவே எந்தவொரு மீளமைப்புத் திட்டத்தையும் மூன்று வினாக்களால் அளத்தல் பொருந்தும். மீளமைக்கப்படும் நிலம் யாருடையது, அதிற் பயன்கொள்ளும் உரிமை யாருக்கு என்பது முதலாவது. மீளமைக்கும் உழைப்பு யாருடையது, அதற்கு ஊதியம் உண்டா என்பது இரண்டாவது. இடத்தையும் இனத்தையும் காலத்தையும் தீர்மானிக்கும் அறிவு யாருடையது, தோல்வியுறின் பொறுப்பேற்பவர் யார் என்பது மூன்றாவது. 2020ஆம் ஆண்டின் நியமத்திலும் உள்ளடக்கும் ஆளுகை பற்றிய அளவுகோல் உண்டு. ஆயினும், கலந்தாலோசிக்கப்படுதல் வேறு, தீர்மானிக்கும் அதிகாரம் வேறு. முன்னதை வழங்கிப் பின்னதை மறுக்கும் உத்தியை எமது உழைக்கும் மக்கள் நன்கு அறிவர்.

இவ்விடத்து இலக்கியத்தின் பணி பற்றியும் சில கூறுதல் தகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுந்த தேசிய இலக்கியக் கோரிக்கை, ‘மண்வாசனை’யை எமது புனைகதையின் உயிர்நாடியாக்கியது. அதன் வழியே வன்னியும் நெடுந்தீவும் மட்டக்களப்பும் மலையகமும் இலக்கியத்துள் நுழைந்தன. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்பின் காட்டோர வாழ்வையும், செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில்புரிவோரையும், அவரது ‘காட்டாறு’ (1977) வன்னிக் குடியேற்றக் கிராமத்தில் ஏழை விவசாயி சுரண்டப்படுவதையும் பொருளாகக் கொண்டன. நீலாவணனின் ‘வேளாண்மை’ (1982) கிழக்கிலங்கை நெற்செய்கையின் தொழில்களையும் அவற்றுக்குரிய சொற்களையும் காவியமாக்கியது. விமர்சனமோ இவற்றிற் பெரும்பாலும் பேச்சுவழக்கின் நம்பகத்தையும் பாத்திர வார்ப்பையுமே நோக்கிற்று. நிலம் பின்னணியாகவே எஞ்சியது. ‘காட்டாறு’ காட்டும் வழி வேறு. மண்ணின் வாசனையோடு மண்ணின் உடைமையையும் அது விசாரிக்கின்றது. நிலமும் உழைப்பும் அதிகாரமும் ஒன்றையொன்று ஊடறுக்கும் முறையினை அடிப்படையாகக் கொண்டு இந்நூல்களை மறுவாசிப்புச் செய்தல் இன்றைய விமர்சனத்தின் உடனடித் தேவையாகும்.

அதனோடு, குளத்தையும் களப்பையும் சேனையையும் பற்றிய தொழிற்சொற்கள், நீர்ப்பங்கீட்டு வழக்கங்கள், வட்டவிதானைமாரின் நினைவுகள், தோட்டத் தொழிலாளர் மலைச்சரிவு பற்றி அறிந்தவை ஆகியன திரட்டப்படுதல் வேண்டும். இப்பணியில் தமிழ்த்துறையும் விவசாய, புவியியல், சமூகவியல் துறைகளும் இணைதல் அவசியம். சிங்கள மொழியில் குளத்தொடரின் உறுப்புக்கள் பெயரோடு பதிவாகி ஆய்வுலகை அடைந்துள்ளன. வன்னியிலும் கிழக்கிலும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் அவ்வளவு கவனம் பெறவில்லை. பெயரற்ற அறிவு எளிதில் பிறர் உடைமையாகும். இதனை மொழிப்பற்றின்பாற்பட்ட கூற்றாகக் கொள்ளலாகாது. ஒரே மழையையும் ஒரே கடனையும் சுமக்கும் சிங்கள, தமிழ், முஸ்லிம் விவசாயிகள் தம் அனுபவத்தை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பதற்கும் அத்தகைய பதிவு பயன்படும். மேற்குளத்து நீரே கீழ்க்குளத்துக்கும் வருவது. இடையே எந்த இன எல்லையும் இல்லை.

இயற்கை எப்பிரச்சினையையும் தானாகத் தீர்ப்பதில்லை. உழைக்கும் மனிதர் தமக்கிடையேயான உறவுகளை மாற்றியமைக்கும் அளவுக்கே இயற்கையுடனான தமது உறவையும் மாற்றியமைக்க முடியும். குளக்கட்டில் வைக்கப்படும் ஒவ்வொரு கூடை மண்ணும் யாருடைய தீர்மானத்தால், யாருடைய வயலுக்காக வைக்கப்படுகின்றது என்பதை வெளிப்படையாகக் கூறும் ஆவணமே இத்துறையில் எமக்கு இன்று வேண்டிய ஆவணமாகும்.